காதுக்கு வந்த கேள்வித்தாள்

ஹாங்காங்கின் ஷாம்ஷூய்போ பகுதியில் ஆப்லியூ தெரு என்று ஒன்று உண்டு. பழைய டார்ச் லைட், ஒயர், ஸ்பீக்கர், பிரித்துப்போட்ட டி.வி. என்று மின்சாமான்கள் குவிந்து கிடக்கும் தெரு. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் நாட்களில் சீருடை போட்ட பிள்ளைகள் அங்கே வந்து கைக்கு அடக்கமான எஃப்.எம். ரேடியோ கேட்பார்கள். உலகமே கைபேசிக்குள் அடங்கிவிட்ட காலத்தில் பிறந்தவர்கள் அவர்கள். பலருக்கு அதுதான் சொந்தமாக வாங்கும் முதல் ரேடியோவாக இருக்கும். அதுவே கடைசி ரேடியோவாகவும் இருக்கலாம்.

ஆங்கிலத் தேர்வின் மூன்றாம் தாளுக்காகத்தான் அந்த ரேடியோ. அது கேட்டல் தாள். கேள்விகளின் ஒலிப்பதிவு மண்டபத்து ஒலிபெருக்கியில் வராது. அரசு வானொலியான ஆர்.டி.எச்.கே.யின் நான்காம் அலைவரிசையில், நகரம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகும். மற்ற நாட்களில் மேற்கத்திய செவ்வியல் இசை வழங்கும் நிலையம் அது. தேர்வன்று அதைத் திருப்பினால், வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டியும் தேர்வைக் கேட்கலாம். மாணவர்கள் பென்சில், அனுமதிச் சீட்டு இவற்றோடு ரேடியோ, காதுக்கருவி, உபரி பேட்டரி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வர வேண்டும். இரைச்சல் அடித்தாலோ ரேடியோ படுத்துவிட்டாலோ கையை உயர்த்தினால் தனி அறைக்கு அனுப்புவார்கள். சில மையங்களில் அகச்சிவப்புக் கதிர் மூலம் ஒலி தரும் ஏற்பாடும் உண்டு.

கேள்விகளுக்கு நடுவே, தாளைப் படித்துப் பார்க்கச் சற்று அவகாசம் தருவார்கள். அந்த இடைவெளியை அமைதியாக விட்டால் ரேடியோ செத்துவிட்டதா, இல்லை இடைவெளிதானா என்று தெரியாமல் பிள்ளைகள் பதறுவார்கள். அதனால் ஒரு மெட்டைப் போடுகிறார்கள். 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பழைய ஆங்கில நாட்டுப்பாடலின் மெட்டு. மெல்லிய, சற்றே சோகமான ராகம். இன்று நாற்பதைத் தாண்டிய ஹாங்காங்வாசிகளிடம் அதை முணுமுணுத்துக் காட்டினால் அடிவயிறு கலங்குகிறது என்பார்கள்.

வேற்றுமொழி ஆங்கிலத்தைக் காதால் பரிசோதிக்கும் இந்த வழக்கத்தின் வரலாற்றில் பாதி கருவிகளின் வரலாறு. வாத்தியாரின் குரல், இசைத்தட்டு, வானொலி, டேப், சில்லு, கணினி என்று ஒலியைத் தூக்கிவந்தது எதுவோ, அதன் குணம் தேர்வுக்கும் ஒட்டிக்கொண்டது. தேர்வின் குணம் பயிற்சிக்கும் ஒட்டிக்கொண்டது.

முதல் கருவி மனிதத் தொண்டைதான். 1913-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக்குழு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக, குறிப்பாக வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறவர்களுக்காக, தேர்ச்சிச் சான்றிதழ்த் தேர்வு ஒன்றைத் தொடங்கியது. எல்லாத் தாள்களையும் கூட்டினால் 12 மணி நேரம். பிரெஞ்சிலிருந்தும் ஜெர்மனிலிருந்தும் மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்திலிருந்து அவற்றுக்கு மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல். இத்தனைக்கும் பிறகு, சொல்வதெழுதுதல் அரைமணி நேரம். உரக்கப் படித்தலும் உரையாடலும் இன்னொரு அரைமணி நேரம். அந்த முதல் ஆண்டில் எழுதியவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே தேறவில்லை.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஆங்கில ஒலிகளைப் பற்றிக் காகிதத்தில் எழுத ஒன்றரை மணி நேரம். அந்த ஒலிகளைக் காதால் வாங்க அரைமணி நேரம். லத்தீனையும் கிரேக்கத்தையும் கற்பித்துப் பழகிய கைகள் வடிவமைத்த தேர்வு அது. செத்த மொழிக்குக் காது தேவைப்படவில்லை. ஆனால் சொல்வதெழுதுதல் என்ற அந்தச் சின்னப் பகுதி, நம் ஊர் ஐந்தாம் வகுப்பில் சிலேட்டோடு உட்கார்ந்தவர்களுக்கும் பழக்கமான அதே பகுதி, பிற்காலத்தில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டையைக் கிளப்பப் போகிறது.

அந்தக் காலத்தில் இதற்குப் பயிற்சி எடுப்பது எளிதல்ல. எதிரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் வாசித்துக்காட்ட ஓர் ஆள் வேண்டும். நல்ல உச்சரிப்புள்ள ஆளாக இருக்க வேண்டும். சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கவும் வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலேய ஆசிரியை வாய்த்தாள். மற்றவர்களுக்குப் பாதிரியாரோ, துறைமுகத்துக்கு வந்துபோகும் மாலுமியோதான் கதி.

இந்தப் பற்றாக்குறையில் ஒரு வியாபாரம் இருப்பதை லண்டனில் ஜாக் ரோஸ்டன் கண்டுகொண்டார். கேம்பிரிட்ஜ் தேர்வுக்கும் முன்பே, 1901-இல் அவர் தொடங்கிய லிங்குவாஃபோன், மொழிப்பாடங்களை முதலில் மெழுகு உருளைகளிலும் பின்னர் இசைத்தட்டுகளிலும் பதிந்து விற்றது. சாவி கொடுத்து ஊசியை வைத்தால், எந்த ஊரிலும் எந்த நேரத்திலும் ஓர் ஆங்கிலேயர் பேசுவார். களைப்படையவும் மாட்டார், எரிந்துவிழவும் மாட்டார். 'இன்னொரு தடவை சொல்லுங்கள் ஐயா' என்று கூச்சத்தோடு கேட்கும் அவசியம் முதன்முதலாக ஒழிந்தது. கேட்டல் பயிற்சி என்று இன்று நாம் சொல்வது பிறந்த நேரம் அதுதான்.

1927-இல் அதே நிறுவனத்துக்காக ஜார்ஜ் பெர்னார்ட் ஷா ஒரு சொற்பொழிவைப் பதிவு செய்துகொடுத்தார். எழுபத்தொரு வயது நாடகாசிரியர், அதுவும் ஆங்கில உச்சரிப்பையும் எழுத்துக்கூட்டலையும் வாழ்நாள் முழுக்கக் கிண்டலடித்தவர், வேறு எதைப் பேசியிருக்கப் போகிறார்? எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சரியான ஆங்கிலம் என்று எதுவும் கிடையாது என்றார். தாமே ஊருக்கு ஒரு விதமாகவும் வீட்டுக்கு ஒரு விதமாகவும் பேசுவதாக ஒப்புக்கொண்டார். வெளிநாட்டுக்காரர் இங்கிலாந்துக்கு வந்தால் கொஞ்சம் உடைந்த ஆங்கிலம் பேசுவதே புத்திசாலித்தனம், அப்போதுதான் உதவி கிடைக்கும் என்றும் சொன்னார். இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: தட்டு சுற்றும் வேகம் தப்பினால் உங்கள் காதில் விழுவது என் குரலே அல்ல, வேகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். கருவி மாறினால் கேட்பது மாறிவிடும் என்பதைக் கேட்டல் பாடத்துக்குள்ளேயே வைத்துப் பேசிய முதல் ஆசிரியர்களில் ஷாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இசைத்தட்டு எத்தனை முறை கேட்டாலும் திரும்பச் சொல்லும். வானொலிக்கு அந்தப் பொறுமை இல்லை. 1943-இல் போர் நடுவிலேயே பி.பி.சி. 'வானொலி வழி ஆங்கிலம்' என்ற பாடங்களைத் தொடங்கியது. 1959-இல் அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா தன் பங்குக்கு 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' செய்திகளைக் கொண்டுவந்தது. சுமார் 1,500 சொற்கள் மட்டுமே கொண்ட செய்தி. வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். சிற்றலையில் கரகரப்புக்கு நடுவே எழுந்தும் அமிழ்ந்தும் வரும் அந்த நிதானமான குரலைப் பிடித்து, பாதியை ஊகித்து, மீதியை நோட்டில் எழுதிக்கொண்டு ஆங்கிலம் கற்றவர்கள் சீனாவிலும் ஈரானிலும் ஆப்பிரிக்காவிலும் ஏராளம். தவறவிட்ட சொல் போனது போனதுதான். இந்தக் கண்டிப்பைப் பிற்காலத் தேர்வுகள் அப்படியே எடுத்துக்கொண்டன.

தேர்வுக்கூடங்களில் அதற்குள் வேறொரு விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃப்ரைஸ் 1941-இல் ஆங்கில மொழிக் கல்விக்கழகத்தை நிறுவினார். அங்கே பணியாற்றியவர் ராபர்ட் லாடோ. ஸ்பெயினிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு ஃபுளோரிடாவில் பிறந்து, சிறுவயதிலேயே ஸ்பெயினுக்குத் திரும்பி, இருபத்தோரு வயதில் மறுபடி அமெரிக்கா வந்து ஆங்கிலம் படித்தவர். அந்நிய ஒலி காதில் விழுந்தும் மூளைக்கு எட்டாத தவிப்பு அவருக்கு அனுபவப் பாடம். 1946-இல் அவர் ஆக்கிய கேட்டல் தேர்வும், 1961-இல் வெளியிட்ட 'மொழித் தேர்வு' என்ற நூலும் ஒரு தலைமுறையின் வேதமாகின. ஒருவனுடைய தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்துப் பார். எந்த ஒலிவேறுபாடு அவன் மொழியில் இல்லையோ அங்கேதான் அவன் தடுமாறுவான். அதைச் சோதி என்றார். ஸ்பானியம் பேசுகிறவருக்கு 'ஷிப்'பும் 'ஷீப்'பும் ஒன்றாகவே கேட்கும். ஜப்பானியருக்கு ரகரமும் லகரமும் குழம்பும்.

லாடோவின் அளவுகோலைத் தமிழரிடம் நீட்டினால் சுவாரசியமான விடை வரும். குறில், நெடில் பார்த்தே வளர்ந்த காதுக்குக் கப்பலும் செம்மறியாடும் அவ்வளவாகக் குழம்பாது. நமக்குச் சறுக்குமிடம் வேறு. குளிருக்குப் போடுவதும் 'கோட்', புல் மேய்வதும் 'கோட்' என்றுதான் தமிழில் எழுத முடியும். நான்கு ககரங்களை ஓர் எழுத்தில் அடக்கிய மொழி இது. தேர்ட்டீன், தேர்ட்டி என்ற இரண்டில் எங்கே அழுத்தம் விழுகிறது என்பதும் நம் காதுக்கு இயல்பாகப் பிடிபடுவதில்லை.

சொல்வதெழுதுதலை லாடோ மதிக்கவில்லை. சொற்களையும் அவற்றின் வரிசையையும் வாசிப்பவரே கொடுத்துவிடுகிறார், பிறகு மாணவனிடம் சோதிக்க என்ன மிச்சமிருக்கிறது என்பது அவர் வாதம். அதனால் காதைத் துண்டு துண்டாகச் சோதிக்கும் நான்கு விடைக் கேள்விகள் கோலோச்சத் தொடங்கின.

அப்படிப் பிறந்ததுதான் டோஃபெல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவர்கள் பெருகிவந்த நேரம். 1961-இல் வாஷிங்டனில் நடந்த ஒரு மாநாட்டில் பேச்சு எழுந்து, மறு ஆண்டு தேசியக் குழு ஒன்று அமைந்து, 1964-இல் முதல் தேர்வு நடந்தது. எழுதியவர்கள் 920 பேர். ஐந்து பகுதிகளில் ஒன்று கேட்டல். முன்னால் ஒரு டேப் ரிக்கார்டர் ஓடும், மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். காகிதத் தேர்வாக இருந்த காலம் வரை டோஃபெல்லின் கேட்டல் பகுதியில் குறிப்பெடுக்க அனுமதி கிடையாது. வகுப்பில் பேராசிரியர் பேசப் பேசக் குறிப்பெடுக்காத மாணவன் எங்கே இருக்கிறான்? ஆனாலும் அந்த விதி பிடிவாதமாக நீடித்தது. 2005-இல் தேர்வு இணையவழிக்கு மாறியபோதுதான் பேனாவுக்கு விடுதலை.

மூன்று தேர்வர்களோடு தொடங்கிய கேம்பிரிட்ஜ் தேர்வில் கேட்டலுக்கென்று தனித் தாள் வந்தது 1975-இல். அறுபத்திரண்டு ஆண்டுகள்! பிரிட்டிஷார் எதையும் அவசரப்பட்டுச் செய்வதில்லை.

இதற்கிடையே 1968-இல் ஒரு விசித்திரமான சோதனை. மொழியியலாளர் பெர்னார்ட் ஸ்போல்ஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் ஆங்கில வாக்கியங்களைப் பதிவு செய்து, அவற்றின் மேல் வேண்டுமென்றே இரைச்சலைக் கலந்தார்கள். இரைச்சலைக் கூட்டிக்கொண்டே போனபோதும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பெருமளவு பிடித்துவிட்டார்கள். கற்றுக்கொண்டவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். காரணம் எளிது. எந்த மொழியிலும் ஒரு வாக்கியத்தில் தேவைக்கு மேலேயே தடயங்கள் கொட்டிக்கிடக்கும். பேருந்து நிலையத்தில் நடத்துனர் என்ன ஊர் சொல்லிக் கத்துகிறார் என்பது பாதி எழுத்து காதில் விழாமலே நமக்குப் புரிகிறதல்லவா, அது காதின் வேலை மட்டுமல்ல; விட்டதை நிரப்பத் தெரிந்த மனத்தின் வேலை. அந்த நிரப்பும் திறமையே மொழித்தேர்ச்சி என்றார் ஸ்போல்ஸ்கி. எழுபதுகளில் ஜான் ஆலர் இதே தர்க்கத்தைக் கொண்டு, லாடோ ஒதுக்கிய சொல்வதெழுதுதலை மறுபடியும் சபைக்கு அழைத்துவந்தார். வாக்கியத்தைக் காதில் வாங்கி, அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊகித்து, சொல் சொல்லாகப் பிரித்து எழுதுவது சும்மா வேலை இல்லை என்பது அவர் கட்சி.

அறிவியல் ரீதியாக இரைச்சல் தேர்வில் விஷயம் இருந்தது. ஆனால் எந்தத் தேர்வு நிறுவனம் அதைத் துணிந்து கொடுக்கும்? 'வேண்டுமென்றே கரகரக்க வைத்தோம்' என்று கட்டணம் கட்டிய மாணவனிடமும் அவனுடைய அப்பாவிடமும் யார் சொல்வது? உலகம் நேர் எதிர்த் திசையில், துளி இரைச்சலும் இல்லாத கேட்டலை நோக்கி ஓடியது. அந்த ஓட்டத்தில் எல்லோரையும் முந்தியது கிழக்காசியா.

1979 ஜூலையில் டோக்கியோவில் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஜப்பானியத் தொழில்துறையின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்காவின் ஈ.டி.எஸ். நிறுவனம் ஆக்கிய டோயிக் தேர்வு அந்நாட்டில் முதன்முறையாக நடந்தது. 200 கேள்விகள், அவற்றில் சரிபாதி, 45 நிமிடம், கேட்டலுக்கு. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான். ஆனால் அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த இருபதாண்டு ரயில்கள் பார்த்தன. காலையில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் ஊழியர், காதில் கேசட். அலுவலகத்தில் பதவி உயர்வுக்கு டோயிக் மதிப்பெண். திரும்பக் கேட்க வேண்டுமானால் ரீவைண்டு. பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பென்சிலைச் சொருகிச் சுற்றுவது நம் ஊரில் பாட்டுக் கேசட்டுக்குச் செய்த அதே வித்தை.

ஜப்பான் தன் பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வில் ஆங்கிலக் கேட்டலைச் சேர்த்தது 2006 ஜனவரியில். மண்டபத்தில் முன்வரிசைக்கு ஒரு மாதிரியும் பின்வரிசைக்கு ஒரு மாதிரியும் கேட்டால் நியாயமில்லை என்று, ஏறக்குறைய ஐந்து லட்சம் தேர்வர்களுக்கும் ஆளுக்கொரு குட்டி ஒலிக்கருவியை மேசையில் வைத்தார்கள். ஒலி ஓடுவது 30 நிமிடம். கருவியைச் சரிபார்க்கவும் சேர்த்து ஒதுக்கியது 60 நிமிடம். அப்படியும் முதல் ஆண்டில் பல கருவிகள் மக்கர் செய்து, 400-க்கும் மேற்பட்டோர் அன்றைக்கே மறுபடி எழுத நேர்ந்தது. செய்தித்தாள்கள் அதைப் பிரித்து மேய்ந்தன. காது அமைப்புக்குச் செருகி பொருந்தாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் தலையில் மாட்டும் கருவி தருவார்கள் என்று விதியே இருக்கிறது. அப்போது வாசிப்புக்கு 200 மதிப்பெண், கேட்டலுக்கு 50. 2021-இல் புதிய பொதுத்தேர்வு வந்தபோது இரண்டுக்கும் நூறு நூறு என்று ஆக்கிவிட்டார்கள்.

கொரியா கருவியை நம்பவில்லை, வானத்தையே கட்டுப்படுத்தியது.

தென்கொரியாவின் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வான சுனங் 1993-இல் தொடங்கியபோதே ஆங்கிலத்தில் கேட்டல் பகுதி இருந்தது. நவம்பர் மாதத்து வியாழன் ஒன்றில் நடக்கும் இந்தத் தேர்வுக்காக அலுவலகங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும், பங்குச்சந்தையும் அப்படியே. நேரமாகிவிட்ட மாணவனைப் போலீஸ் பைக்கில் கொண்டுவந்து சேர்க்கும். இவையெல்லாம் காலையில். மதிய உணவுக்குப் பிறகு ஆங்கிலம். ஒரு மணி ஐந்து நிமிடத்திலிருந்து ஒன்றே முக்கால் ஆக ஐந்து நிமிடம் இருக்கும் வரை, 35 நிமிடங்களுக்கு, நாடு முழுவதும் எந்த விமான நிலையத்திலும் விமானம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவை 3 கிலோமீட்டருக்கு மேலேயே வட்டமடிக்க வேண்டும். ராணுவப் பயிற்சிகளும் நிற்கும். அவசர நிலைக்கு மட்டும் விலக்கு. ஆண்டுதோறும் நூற்றுச் சொச்சம் விமானங்களின் நேரம் இதற்காக மாற்றப்படுகிறது. ஸ்போல்ஸ்கி இரைச்சலைக் காசு கொடுத்துச் சேர்த்தார்; கொரியர்கள் அதைக் காசு கொடுத்து நீக்குகிறார்கள்.

அத்தனை அமைதிக்குள் பள்ளியின் ஒலிபெருக்கியில் வருவது 17 கேள்விகள். 2013-இல் அந்த எண்ணிக்கை 22 வரை ஏறி, பிறகு இறங்கியது. கடைசி இரண்டு கேள்விகளுக்கான உரையை இரண்டு முறை கேட்கலாம். மற்றவை ஒரே தடவைதான். 70 நிமிடத்தில் மொத்தம் 45 கேள்விகளை முடிக்க வேண்டும் என்பதால் கொரிய மாணவர்கள் ஒரு தந்திரம் பழகுகிறார்கள். உரையாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அடுத்த கேள்விக்கான இடைவெளியிலும் பின்பக்கத்து வாசிப்புக் கேள்விகளில் இரண்டொன்றை முடித்துவிடுவது! காது ஒரு வேலை, கண் ஒரு வேலை. வீட்டில் பழகும்போது ஒலியை ஒன்றேகால் மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறார்கள். அப்போதுதான் தேர்வன்று குரல் நடைபோடுவதுபோல் இருக்கும். ஒரு நாடே விமானத்தை நிறுத்தி வைத்துத் தரும் நிசப்தத்தைப் பிள்ளைகள் பாதிக் காதால் கேட்கிறார்கள் என்பதை அதிகாரிகள் அறிவார்களோ என்னவோ.

சீனாவில் 1987 முதல் நடக்கும் கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்குப் பல பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்குள் எஃப்.எம். ஒலிபரப்பு நடத்துகின்றன. மாணவர்கள் ரேடியோ பொருத்திய தலைக்கருவியோடு வருகிறார்கள். காதில் கருவியோடு தேர்வறைக்குள் நுழைய அனுமதித்தால் வேறு குரல்களும் உள்ளே நுழையப் பார்க்கும். அந்தத் திருட்டைத் தடுப்பது கண்காணிப்பாளர்களுக்குத் தனித் தலைவலி.

தமிழ்நாட்டுக்குக் கேட்டல் தேர்வு பெரும்பாலும் விமான டிக்கெட்டோடு சேர்ந்தே வந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ஜும் 1980-இல் கொண்டுவந்த ஒரு தேர்வு, ஆஸ்திரேலியாவும் சேர்ந்துகொள்ள, 1989-இல் ஐயெல்ட்ஸ் என்று உருமாறியது. கேட்டலில் நான்கு பகுதி, 40 கேள்வி, ஏறக்குறைய 30 நிமிடம். எல்லாமே ஒரே ஒரு தடவை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா என்று உச்சரிப்புகள் மாறி மாறி வரும். கேம்பிரிட்ஜ் 1996 முதல் வெளியிட்டுவரும் பழைய வினாத்தாள் தொகுப்புகள் இன்று இருபதைத் தொட்டுவிட்டன. சென்னையிலும் கோவையிலும் நாகர்கோவிலிலும் பயிற்சி நிலையங்களில் அவற்றின் ஜெராக்ஸ் பிரதிகள் கைமாறிக் கைமாறி ஓரம் கிழிந்திருக்கும். 'லிசனிங்ல எட்டு, ரைட்டிங்லதான் ஆறரைல நிக்குது' என்பது அங்கே அன்றாடப் பேச்சு.

அந்த லிசனிங்கில் எட்டு வாங்குவதற்கும் ஒரு தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது. ஒலி தொடங்குமுன் கேள்வியைப் படித்து, கோடிட்ட இடத்தில் வரப்போவது எண்ணா, பெயரா, இடமா என்று ஊகித்து வைப்பது முதல் பாடம். இரண்டாவது, முதலில் வரும் விடையை நம்பாதிருப்பது. செவ்வாய்க்கிழமை வரலாமா என்பார் ஒருவர். சரி என்பார் மற்றவர். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, இல்லையில்லை அன்றைக்கு வேறு வேலை, வியாழன் வைத்துக்கொள்வோம் என்பார். செவ்வாய் என்று எழுதியவர் அவுட். மூன்றாவது, பன்மையின் கடைசி எழுத்து. தமிழ்க் காது 'புக்'கையும் 'புக்ஸ்'ஸையும் எளிதாகப் பிரித்துவிடும், ஆனால் அவசரத்தில் கை விட்டுவிடும், மதிப்பெண் போய்விடும். தொலைபேசி எண்ணில் 'டபுள் செவன்' என்று வந்தால் மட்டும் நம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இந்தியாவில் எண் சொல்லும் வழக்கமே அதுதான்; சில நாட்டு மாணவர்கள் அந்த இடத்தில் விழித்து நிற்பார்கள்.

செவிலியர்களுக்கு இன்னொரு தேர்வு இருக்கிறது. எண்பதுகளில் ஆஸ்திரேலியாவில், மருத்துவத் துறைக்கென்றே உருவான ஓ.இ.டி. 2017-இல் பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் அதையும் ஏற்றுக்கொண்ட பிறகு தமிழ்நாட்டு, கேரளத்து நர்சுகள் அதன் பக்கம் திரும்பினார்கள். இதில் கேட்கவேண்டியது நூலக உறுப்பினர் அட்டை வாங்கும் உரையாடல் அல்ல. நோயாளி ஒருவர் தன் முதுகுவலியைச் சுற்றி வளைத்துச் சொல்வார். அதைக் கேட்டுக் குறிப்பு நிரப்ப வேண்டும். பத்தாண்டு வார்டில் நின்றவருக்கு அது தேர்வுபோலவே இருக்காது. ஸ்போல்ஸ்கி சொன்ன நிரப்பும் திறமை இங்கே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சொல் தவறினாலும் நோய் தவறுவதில்லை. கருவி எது என்பதை விட்டுவிட்டு, கேட்கிறவர் யார் என்று தேர்வு திரும்பிப் பார்த்த அபூர்வமான இடம் இது.

மற்றபடி கருவி தன் ஆட்சியை விடவில்லை. ஐயெல்ட்ஸைக் காகிதத்தில் எழுதுகிறவருக்கு ஒலி முடிந்தபின் விடைகளைத் தாளுக்கு மாற்ற 10 நிமிடம் தரப்பட்டது. கணினியில் எழுதுகிறவருக்கு 2 நிமிடம்தான். விடையை நேரே தட்டிவிடுவதால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை என்பது கணக்கு. எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்த எட்டு நிமிடம் ஒலியின்றிக் காணாமல் போனது. காதால் பரிசோதிக்கும் இந்த வழக்கம் ஆங்கிலத்துக்கு அப்பாலும் பரவியிருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழுக்கே 'கேட்டல் கருத்தறிதல்' என்று ஒரு பகுதி உண்டு. பதிவுசெய்யப்பட்ட தமிழைத் தமிழ்ப்பிள்ளைகள் கேட்டு விடை குறிக்கிறார்கள்.

ஹாங்காங் இன்னும் ரேடியோவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2012-இல் தேர்வின் பெயரும் அமைப்பும் மாறிய பிறகும் நான்காம் அலைவரிசையும் கிரீன்ஸ்லீவ்ஸும் மாறவில்லை. 2021 முதல் பிரிட்டன் அளித்த சிறப்பு விசாவில் ஆயிரக்கணக்கான ஹாங்காங் குடும்பங்கள் இங்கிலாந்தில் போய்க் குடியேறியிருக்கின்றன. அங்கே கோடைக்காலத்தில் தெருவுக்குத் தெரு ஐஸ்கிரீம் வண்டி வரும். தூரத்திலிருந்தே பிள்ளைகளைக் கூப்பிட மணியோசையில் ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். பல வண்டிகளில் அந்த மெட்டு கிரீன்ஸ்லீவ்ஸ். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சில்லறையோடு வாசலுக்கு ஓடும்போது, ஹாங்காங்கிலிருந்து வந்தவரின் கை மட்டும் ஒரு கணம் பென்சிலைத் தேடினால் அதில் வியப்பில்லை.